ஆடிய காலுக்குக் கூலி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

‘ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது’ என்பார்கள் நம் பெரியவர்கள். உண்மைதான், சும்மா இராது. ஆனால் அந்தக் காலைச் சும்மா ஆடு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக் குழுவை அழைக்கிறோம். வெற்றிலை பாக்கோடு முன்பணமும் வைத்துத்தான் அழைக்கிறோம். நையாண்டி மேளத்துக்குப் பேசிய தொகையைக் கொடுக்கிறோம். கரகம் ஆடும் காலுக்குக் கூலி உண்டு. பந்து ஆடும் காலுக்கு மட்டும் கைதட்டல் போதும் என்கிறோம். இது என்ன நியாயம் என்று மாணவ நண்பர்களும் மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இந்தக் கேள்வி என் மனத்தில் எழக் காரணம் ஒரு மேடைப்பேச்சு. எந்த மேடை, யார் பேசியது என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. “பணத்தை நினைத்து ஆடுபவன் வீரனல்லன், வியாபாரி. விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆட வேண்டும்” என்று அந்தப் பெரியவர் முழங்கினார். அரங்கம் அதிரக் கைதட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எங்கள் அணியின் வலப்புற முன்கள ஆட்டக்காரன். விடுமுறை நாள்களில் செங்கல் சூளைக்குக் கல் சுமக்கப் போகிறவன். மண்டலப் போட்டிக்காக அவன் இழந்தது மூன்று நாள் கூலி. அந்த மூன்று நாளும் அவன் வீட்டில் அரிசி எங்கிருந்து வந்திருக்கும் என்று மேடையில் இருந்தவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

‘விளையாட்டுக்காகவே விளையாட்டு’ என்ற அழகிய வாசகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். கால்பந்து எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் இதுவும் வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1863ஆம் ஆண்டு கால்பந்துச் சங்கம் நிறுவப்பட்டது. நிறுவியவர்களில் பெரும்பாலோர் உயர்குடிப் பள்ளிகளில் படித்து வந்த கனவான்கள். ஆரம்பத்தில் கோப்பைகள் எல்லாம் அவர்களிடமே போய்ச் சேர்ந்தன. 1883ஆம் ஆண்டு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை இறுதிப் போட்டியில் 2-1 என வீழ்த்திக் கோப்பையைத் தட்டிச் சென்றது. வென்ற அணியில் இருந்தவர்கள் யார்? நெசவாளிகள், நூற்பாலைத் தொழிலாளிகள், குழாய் வேலை செய்பவர், இரும்பு வார்ப்பட வேலை செய்பவர்! பிளாக்பர்னும் பிரெஸ்டனும் பருத்தி ஆலை நகரங்கள். நமக்கு அவை அவ்வளவு அந்நியமும் அல்ல. அதே 1880களில்தான் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையைக் கொண்டு நூற்பாலையை ஓட்டத் தொடங்கினார்கள். விக்கிரமசிங்கபுரத்து ஆலைச் சங்கு கேட்டு எழுந்த நம் தாத்தாக்களும், லங்காஷயர் ஆலைச் சங்கு கேட்டு எழுந்த அந்த ஆட்டக்காரர்களும் ஒரே ஜாதி. பஞ்சு பறக்கும் கூடத்தில் நாள் முழுவதும் நின்று வேலை பார்த்த ஜாதி.

ஆலைத் தொழிலாளி பந்து ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். கனவானுக்கு அந்தக் கவலை இல்லை. அவருடைய நிலத்தில் குத்தகை விளைந்துகொண்டே இருக்கும். எனவே வடக்கத்தி அணிகள் மறைமுகமாகப் பணம் கொடுக்கத் தொடங்கின. 1884இல் பிரெஸ்டன் அணி மீது லண்டனைச் சேர்ந்த அப்டன் பார்க் அணி புகார் செய்தது. பிரெஸ்டன் அணியை நடத்திய வில்லியம் சடல் ஒளிக்கவில்லை. ஆம், வெளியூர்களிலிருந்து ஆட்டக்காரர்களை அழைத்து வந்து வேலை தேடிக் கொடுத்தோம் என்று ஒப்புக்கொண்டார். அவரே ஓர் ஆலை மேலாளர். பிரெஸ்டனைப் போட்டியிலிருந்து விலக்கினார்கள். வடக்கு அணிகள் ‘நாங்கள் தனிச் சங்கம் வைத்துக்கொள்கிறோம்’ என்று கிளம்பவே, 1885 ஜூலையில் கால்பந்துச் சங்கம் இறங்கி வந்து, கூலி வாங்கி ஆடுவதைச் சட்டப்படி ஏற்றது. ஏற்றும் மனம் வரவில்லை. கோப்பைப் போட்டியில் ஆட வேண்டுமென்றால் தொழில்முறை ஆட்டக்காரன் அந்த ஊரிலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு ஆண்டு அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். கனவானுக்கு அப்படி ஒரு வேலி கிடையாது.

பிறகு 1901இல் இன்னொரு கட்டுப்பாடு வந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் சம்பளம் கூடாது! ஆட்டத்தைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கினார்கள். அந்தப் பணத்துக்கு உச்சவரம்பு போட்டதாகத் தெரியவில்லை. உச்சவரம்பு ஆடியவனுக்கு மட்டும்தான். படிப்படியாக 20 பவுன் வரை உயர்ந்த அந்த வரம்பை, ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்த பின்னர், 1961இல்தான் நீக்கினார்கள். ஆக, ‘பணம் விளையாட்டைக் கெடுத்துவிடும்’ என்ற தத்துவத்தைப் படைத்தவர்கள் பணம் உள்ளவர்கள் என்பது என் முடிவு. தவறென்றால் வரலாற்றுத் துறை நண்பர்கள் அடுத்த மலரில் மறுத்து எழுதட்டும்.

அந்த முதல் தலைமுறைத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் என் மனத்தைத் தொட்டவர் ஆர்தர் வார்ட்டன். 1865இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ராவில் பிறந்தவர். இன்றைய கானா நாட்டின் தலைநகரம் அது. தந்தை மெதடிஸ்ட் சபைப் போதகர். தாய் அந்த மண்ணின் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். மகனும் சமயப் பணிக்குப் போவான் என்று இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். பையனின் கால் வேறு பக்கம் போனது. 1886இல் லண்டனில் நடந்த தேசிய ஓட்டப் போட்டியில் 100 கெஜத்தை 10 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். இயற்பியல் மாணவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 9.14 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். நம் ஊர் டவுன் பஸ் மேடு பள்ளங்களில் அந்த வேகத்தைத் தொடுவதே அபூர்வம்.

இத்தனை வேகம் உள்ளவர் நின்ற இடமோ கோல் வாசல்! பிரெஸ்டன் அணிக்குக் கோல்காப்பாளராக 1887 கோப்பைப் போட்டியில் அரையிறுதி வரை ஆடினார். 1889இல் ராதர்ஹாம் டவுன் அணியில் கூலிக்கு ஆடச் சேர்ந்தார். 1894-95இல் ஷெஃபீல்டு யுனைடெட் அணிக்காக முதல் டிவிஷனிலும் ஆடினார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று அவரை இன்று கொண்டாடுகிறார்கள். அன்று? 1902இல் ஆட்டம் முடிந்தது. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. யார்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் கரிவண்டி நகர்த்தும் தொழிலாளியாகக் காலம் தள்ளினார். 1930 டிசம்பரில் இறந்தபோது அவருடைய புதைகுழியின் மேல் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. 1997இல்தான் கல் வைத்தார்கள். 2014இல் சிலையும் வைத்தார்கள். செத்து 84 ஆண்டு கழித்துச் சிலை வைப்பதற்குப் பணம் இருந்தது. உயிரோடு இருந்தபோது ஓய்வூதியம் என்று ஒன்று கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

‘அது சீமைக் கதை, நமக்கென்ன?’ என்று கேட்கலாம். நம் கதைக்கு வருகிறேன். வார்ட்டனின் கதையை ஒரு நாடகமாக நம் நாட்டில் மறுபடி போட்டால், நாயகன் வேடம் துளசிதாஸ் பலராமுக்குத்தான் பொருந்தும்.

பலராம் 1936இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் பிறந்தவர். பெற்றோர் தமிழர். தாயின் பெயர் முத்தம்மா. இந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஒரு நெருக்கம் வந்துவிட்டது. நம் தெருவில் எத்தனை முத்தம்மாக்கள்! ராணுவக் குடியிருப்புகள் நிறைந்த வட்டாரம் அது. பிழைப்புத் தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. வசதியில்லாத வீடு. மைதானத்தில் அந்தப் பையனைக் கண்டுபிடித்தவர் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்து இந்திய அணியின் பயிற்சியாளராக உயர்ந்தவர் ரஹீம். பயிற்சிக்கு வந்து போகக் காசில்லை என்று பையன் சொன்னபோது, ரஹீம் வாடகைச் சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார் என்று படித்திருக்கிறேன். அந்தச் சைக்கிள் வாடகையைத்தான் நான் இந்தக் கட்டுரை முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர்கள் வகுப்பில் ‘திறமை, திறமை’ என்கிறார்கள். அம்முகுடாவில் திறமை இருந்தது; சைக்கிள் இல்லை.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக். இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. ஆசிய நாடு ஒன்று ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்டது அதுவே முதல் முறை. அந்த அணியில் பலராம் இருந்தார். வயது இருபது! இதை எழுதும் எனக்கும் இருபதுதான். நான் மெல்போர்ன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுவேன், அவ்வளவே. இந்தியா அப்போது நான்காம் இடம் பெற்றது. அதற்குப் பிறகு அந்த உயரத்தை நாம் தொடவில்லை.

மறு ஆண்டு கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தில் சேர்ந்தார். கல்கத்தாவில் கால்பந்து என்றால் வெறும் விளையாட்டு அல்ல. நம் பக்கத்தில் தேரோட்டம் போல. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதும் நாளில் மீன் விலையே மாறும் என்பார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் அணி ஈஸ்ட் பெங்கால். அங்கே ஒரு தமிழ்த் தாயின் பிள்ளை தலைவனாக உயர்ந்தார். 1961இல் அவர் தலைமையில் அணி கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அந்தத் தொடரில் அதிகக் கோல் அடித்தவரும் அவரே, 23 கோல்கள். ஈஸ்ட் பெங்காலுக்காக மொத்தம் நூறு கோல்களுக்கு மேல். சந்தோஷ் கோப்பையை ஹைதராபாத் வென்றபோதும் இருந்தார். வங்காளம் வென்றபோதும் இருந்தார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கடினமான பிரிவு அமைந்தது. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜும் அந்த அணியில் இருந்தார். அன்றைய ஹங்கேரி என்றால் உலகமே நடுங்கும். அந்த ஹங்கேரியிடம் இந்தியா 2-1 என்றுதான் தோற்றது. இந்தியாவின் கோலை அடித்தவர் பலராம். பிரான்ஸுடன் 1-1 என்று சமன். இன்று பிரான்ஸுடன் சமன் செய்வோம் என்று யாராவது சொன்னால் சிரிப்போம் அல்லவா?

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் ஒலிம்பிக்கில் ஆட வேண்டுமானால் ‘அமெச்சூர்’ ஆக இருக்க வேண்டும். அதாவது விளையாட்டுக்காகப் பணம் வாங்காதவன். ஹங்கேரியின் ஆட்டக்காரர்களை அவர்கள் நாட்டு அரசு ஏதோ ஒரு பதவியின் பெயரில் வைத்துச் சோறு போட்டது. அவர்களும் ஏட்டில் அமெச்சூர். நம்மவர்களும் ஏட்டில் அமெச்சூர். ஏட்டுச் சுரைக்காய் இரண்டும் ஒன்றுதான், கறிச் சுரைக்காயில்தான் வித்தியாசம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பின் தாய்லாந்தை வென்றார்கள். ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். அதில் ஒரு கோல் பி.கே. பானர்ஜி, மற்றொன்று பலராம். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று கடந்தார்கள். இறுதியில் மறுபடி அதே தென் கொரியா. இந்தோனேசிய மக்கள் அரசியல் காரணத்தால் இந்தியா மீது கோபமாக இருந்தார்கள். அரங்கம் முழுவதும் எதிர்ப்புக் கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே, தலையில் தையல் போட்ட ஜர்னைல் சிங் முன்கள ஆட்டக்காரனாக நின்று ஒரு கோல், பி.கே. பானர்ஜி ஒரு கோல். கோல் வாசலில் நம் பீட்டர் தங்கராஜ். 2-1. தங்கம்! ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1951க்குப் பிறகு இந்தியா வாங்கிய தங்கம் அது. அதற்குப் பின் இன்று வரை இல்லை. அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருது பலராமுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். நம் கால்பந்து அதிலிருந்து எழவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவரைப் பற்றி 2024இல் ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்தது. விடுதி நண்பர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள்.

சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பேரையும் ஒரே மூச்சில் சொல்வது இந்தியக் கால்பந்து உலகத்தின் வழக்கம். நம்மில் எத்தனை பேருக்கு மூன்றாவது பெயர் தெரியும்? தமிழ் வீட்டுப் பிள்ளையான அவர் பெயரைத்தான் தமிழ்நாட்டில் நாம் மறந்திருக்கிறோம். என்னே நம் நினைவு!

1963இல் பலராம் ரயில்வேயின் பி.என்.ஆர். அணிக்கு வந்தார். ரயில்வே அணி என்றால் என்ன பொருள்? வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். உலகறிந்த ஆட்டக்காரன் ஒருவன், அர்ஜுனா விருது பெற்றவன், ரயில்வேக்காரனாக இருந்தால்தான் நாளைக்குச் சோறு உறுதி. இதைத் தாழ்வு என்று நான் சொல்லவில்லை. ரயில்வே வேலை கிடைத்தால் என் தாய் குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டுவிடுவாள்! நான் சொல்வது இதுதான்: அந்த வேலை ஆட்டத்துக்கான கூலி. பிரெஸ்டனில் வில்லியம் சடல் செய்ததை இங்கே ரயில்வேயும், போலீசும், ராணுவமும், வங்கிகளும் செய்தன. கொடுத்தது கூலி, அதற்கு வைத்த பெயர் கருணை. கூலியைக் கருணை என்று சொல்லிக் கொடுக்கும்போது, வாங்குகிறவன் தலை குனிந்து வாங்க வேண்டியிருக்கிறது. கேட்கும் உரிமையும் போய்விடுகிறது.

அந்த ஆட்டமும் நீடிக்கவில்லை. நுரையீரலைத் தாக்கிய நோய் இருபத்தேழு வயதுக்குள் அவரை மைதானத்தை விட்டு வெளியேற்றிவிட்டது. ஒரு பொறியாளருக்கு இருபத்தேழில் வேலை தொடங்குகிறது. ஒரு பேராசிரியருக்கு அந்த வயதில் ஆய்வுப் பட்டம்கூட முடிந்திருக்காது. கால்பந்துக்காரனுக்கு அந்த வயதில் வாழ்க்கையே முடிந்துபோகலாம். இவ்வளவு குறுகிய பணிக்காலம் உள்ள தொழிலில், இருக்கிற நாளில் கூலி கேட்காமல் எப்போது கேட்பது?

பின்னர் ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாராவில் அமைதியாக வாழ்ந்தார். சுனி கோஸ்வாமிக்கு 1983இலும் பி.கே. பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்குக் கிடைக்கவே இல்லை. 2020இல் பானர்ஜியும் கோஸ்வாமியும் அடுத்தடுத்து மறைந்தார்கள். 2023 பிப்ரவரி 16ஆம் நாள் பலராம் தம் 86ஆம் வயதில் கல்கத்தாவில் காலமானார். வார்ட்டனைப் போல அவர் சுரங்கத்துக்குப் போகவில்லை என்பது நமக்கு ஓர் ஆறுதல். ரயில்வே வேலை அவரைக் காத்தது. அந்த ஒரு வகையில் நம் நாடு விக்டோரியா காலத்து இங்கிலாந்தை விட மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, எதிர்வாதங்கள். ‘பணம் வந்தால் சூதும் வரும்’ என்கிறார்கள். வரும், மறுக்கவில்லை. கிரிக்கெட்டில் வந்ததை நாடே பார்த்தது. ஆனால் மருத்துவத்தில் பணம் வந்ததால் மருத்துவரைச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கச் சொல்கிறோமா? ஆசிரியர் தொழில் புனிதமானது என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆசிரியர்கள் முதல் தேதியில் சம்பளம் வாங்குவதால் அந்தப் புனிதம் குறைந்துவிட்டதா? (பேராசிரியர்கள் இவ்வரிக்காக என்னைப் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகிறேன்.) சூதைத் தடுக்கக் காவல் வேண்டும்; கூலியை நிறுத்துவது அதற்கு வழியல்ல.

‘இப்போதுதான் கோடிகளில் புரள்கிறார்களே’ என்பது இன்னொரு வாதம். 1996இல் தேசிய லீக் வந்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. ஏலம், வண்ண விளக்கு, தொலைக்காட்சி எல்லாம் பார்த்தோம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. மகிழ்ச்சி. ஆனால் இவையெல்லாம் மாடியில் நடப்பவை. மாடிக்கு ஏறும் படிக்கட்டைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். மாநில அணிக்கோ தேசிய அணிக்கோ தேர்வான பிறகு கிடைக்கும் சலுகை, தேர்வுக்குப் போகப் பேருந்துக் காசு இல்லாதவனுக்கு எப்படிக் கிடைக்கும்? மறுபடியும் அதே வாடகைச் சைக்கிள்தான்.

மூன்றாவது வாதத்தை என் தாய் சொன்னாள். அதைத்தான் என்னால் எளிதில் தட்ட முடியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய காசில்தான் நான் படிக்கிறேன். “ஏல, பந்தை உதைச்சா பானை பொங்குமால? நீ படிச்சு ஆபீசு வேலைக்குப் போகணும்னுதானே நான் விரல் தேயச் சுத்துதேன்” என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? அவளுக்கு விளையாட்டின் மேல் வெறுப்பில்லை. ஆனால் வேலை என்றால் எண்ணிப் பார்த்துக் கூலி கொடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சரியில்லாத பீடியை ஒதுக்கிக் கழித்துவிடுவார்கள். ஆனால் சரியானதற்குக் காசு உண்டு. பந்தாட்டத்தில் சரியாக ஆடியதற்கும் காசில்லை என்கிறபோது, அது அவள் கண்ணுக்கு வேலையாகத் தெரியவில்லை. தவறு அவள் மேல் இல்லை. நம் போன்ற வீட்டுப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் பந்தைப் பரணில் போடுவதற்குக் காரணம் சோம்பலும் அல்ல, ஆர்வக் குறைவும் அல்ல. ஆற்றங்கரைத் திடலில் அந்தி வேளையில் போய்ப் பாருங்கள்! கடனா நதிக் காற்றில் பந்து வளைவதைக் கணித்து ஓடும் பையன்கள் எத்தனை பேர்! அவர்களில் பலர் அடுத்த ஆண்டு திருப்பூரிலோ சென்னையிலோ ஏதோ ஒரு கடையில் துணி மடித்துக்கொண்டிருப்பார்கள்.

இங்கிலாந்தில் 1895இல் ரக்பி ஆட்டம் இரண்டாகப் பிளந்தது. காரணம், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு அவன் இழந்த நேரத்தின் கூலியை ஈடு செய்யலாமா கூடாதா என்ற சண்டை. வடக்குச் சங்கங்கள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து விடுதி ஒன்றில் கூடித் தனியே பிரிந்தன. பெரிய சம்பளம் கேட்கவில்லை அவர்கள். இழந்த நாளின் கூலி, அவ்வளவுதான். நூற்றிமுப்பது ஆண்டுக்கு முன்னால் நெசவாளிகள் கேட்ட அந்தக் கோரிக்கை நம் கல்லூரிக்கு அப்படியே பொருந்துகிறது.

நாம் ஒவ்வொருவரும் கட்டணத்தோடு விளையாட்டுக்கென்று ஒரு தொகை கட்டுகிறோம். பந்து, வலை, சீருடை, கோப்பை என்று அது செலவாகிறது. கோப்பைகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். முதல்வர் அறை அலமாரியில் இப்போதே இடமில்லை. எங்கள் அணியில் பதினெட்டுப் பேர். அவர்களில் எட்டுப் பேர் சனி, ஞாயிறு நாள்கூலிக்குப் போகிறவர்கள். சூளை, சமையல் வேலை, நெல் அறுவடை, கல்யாண மண்டபம். போட்டி நடக்கும் நாள்களுக்கு மட்டும் அந்த எட்டுப் பேருக்கு அன்றைய கூலியைக் கொடுத்தால் போதும். பயிற்சிக்குக் கேட்கவில்லை, தோற்றாலும் உண்டு, வென்றாலும் அதே தொகை. யாருக்குத் தர வேண்டும் என்பதை உடற்கல்வி இயக்குநரும் துறைப் பேராசிரியர் ஒருவரும் அணித்தலைவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

இதை விண்ணப்பமாக எழுதிப் பதினெட்டுப் பேரும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். தலைப்பில் ‘உதவித்தொகை’ என்று போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒருவன் யோசனை சொன்னான். சூளைக்குப் போகிற நண்பன் ஒப்பவில்லை. ‘போட்டி நாள் கூலி கோரி’ என்றே எழுதினோம்.